திரும்பி வந்த நாற்பது மூட்டை

நான் பொருளாதாரப் பரீட்சையில் மூன்று தடவை தோற்றவன். மூன்று தடவையும் ஒரே தாள்: பன்னாட்டு வாணிபமும் நாட்டு வருமானக் கணக்கும். அதற்குக் காரணம் பாஞ்சாலை என்று சொன்னால் என் வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிப்பவர்கள் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவளுக்கு எதையாவது விளக்கிச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். நமக்குப் புரிந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதையெல்லாம் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு, "அப்புறம்?" என்று கேட்பாள். அதற்கப்புறம் பரீட்சையில் போய் என்னத்தை எழுதுவது?

எழுபத்து நாலாம் வருஷம் நடந்தது இது. என் பெயர் மூர்த்தி. திருவண்ணாமலையில் ஹபீப் முகம்மது பாயின் மணிலா மண்டியில் அப்போது கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பகலில் மண்டிக் கணக்கு, மற்ற நேரத்தில் அஞ்சல் வழி பி.ஏ. செங்கம், தானிப்பாடி, போளூர்ப் பக்கமிருந்து மல்லாட்டை, மணிலா என்றாலும் அதே வேர்க்கடலைதான், வண்டி வண்டியாக வந்து இறங்கும். மெஷினில் போட்டு ஓடு உடைத்துப் பருப்பைக் களத்தில் கொட்டினால், பெண்கள் வரிசையாக உட்கார்ந்து முறத்தில் பொறுக்குவார்கள். பெரியதாக, முழுசாக, தோல் உரியாமல் இருப்பது ஒரு கூடைக்கு. அது கப்பல் சரக்கு, சென்னை ஏஜெண்ட் மூலமாக வெளிநாட்டுக்குப் போவது. உடைந்தது, சூம்பியது, சொத்தை எல்லாம் இன்னொரு கூடைக்கு. அது கழிவு, எண்ணெய் மில்லுக்குப் போய்விடும்.

பாஞ்சாலை அங்கே பொறுக்க வந்தது அவள் புருஷனால்தான். கருப்பன் அதே மண்டியில் மூட்டை தூக்கியவன். அறுபத்தெட்டில் லாரிப் பலகையில் ஏறும்போது கால் பிசகி, மூட்டையோடு விழுந்து இடுப்பு போயிற்று. ஆஸ்பத்திரிச் செலவு முழுக்கப் பாய் பார்த்தார், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இடுப்பு சரியாகவில்லை. மூன்று பிள்ளைகள், கடைசிப் பெண் கைக்குழந்தை. அவன் மூட்டை மூட்டையாகத் தூக்கி நடத்திய குடும்பத்தை அவள் ஒவ்வொரு பருப்பாகப் பொறுக்கி நடத்த வேண்டியதாயிற்று.

இரண்டே வருஷத்தில் அவளுக்கென்று ஒரு செட்டு சேர்ந்துவிட்டது. அவளோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். வேலைக்கு வந்தால் பன்னிரண்டு பேரும் வருவார்கள், நின்றால் பன்னிரண்டு பேரும் நிற்பார்கள். அவள் விரல் முறத்தில் போகிற வேகத்தைப் பார்த்தால் நமக்குத் தலை சுற்றும். முறத்தைப் பார்க்கவே மாட்டாள். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு என்னைப் பார்த்து வம்பு பேசிக்கொண்டே இருப்பாள், சொத்தை தானாகக் கழிவுக் கூடையில் போய் விழும். எதற்கும் "சரி" என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. "இரு, இரு" என்பாள். அந்த "இரு, இரு"வைக் கேட்டாலே நான் பேனாவைக் கீழே வைத்துவிடுவேன்.

அந்த வருஷம் நான் முதல் தடவை தோற்றிருந்தேன். எப்படியோ தெரிந்துகொண்டுவிட்டாள்.

"இன்னா கணக்குப்புள்ளே, பரிச்சையில உன்னைப் பொறுக்கி எடுத்தாங்களா, கழிச்சுட்டாங்களா?"

களமே சிரித்தது. நான் பேனாவை மூடி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

சித்திரை மாசத்தில் ஒரு நாள் அவள் செட்டு முழுக்கத் தாமதமாக வந்தது. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு, கிருஷ்ணாயில் கியூவில் நின்றார்களாம். மூன்று மணி நேரம் நின்று, இவள் முறை வரும்போது தீர்ந்துபோயிற்றாம். அந்த நேரம் பார்த்து நான் வாணிபச் சமநிலை பாடத்தைப் படித்து முடித்திருந்தேன். வாய் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"எண்ணெய் வெளிநாட்டுலேந்து வருது பாஞ்சாலை. வெல ஒரே ஏத்தமா ஏத்திட்டான். அவன் நம்ம ரூபாயை வாங்க மாட்டான், அவனுக்கு வெளிநாட்டுத் துட்டு வேணும். அது நமக்கு எப்படி வரும்? நாம எதையாவது வெளியில வித்தாத்தான் வரும். நீ பொறுக்கற மல்லாட்டை கப்பல்ல போவுதில்ல, அந்தத் துட்டுலதான் கிருஷ்ணாயில் வருது."

"இரு, இரு. நான் பொறுக்கறதாலதான் கிருஷ்ணாயில் வருது?"

"ஆமாம்."

"அப்ப எனக்கு ஏன் இல்லேன்றான்?"

"அது வேற கணக்கு."

"எத்தினி கணக்குதான் வச்சினு கீறே நீ?"

விட்டிருக்கலாம். அப்போதும் விடவில்லை. நாட்டுக்குள்ளே வந்த சரக்கு ஜாஸ்தி, வெளியே போன சரக்கு கம்மி, இதற்குப் பெயர் பற்றாக்குறை என்றேன். மிச்சத்துக்கு என்ன செய்வார்கள் என்று கேட்டாள். கடன் வாங்குவார்கள், வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் வீட்டுக்கு அனுப்புவது வரும், ஊர் பார்க்க வருகிறவர்கள் செலவு செய்வது வரும், எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டால் செலுத்துநிலைக் கணக்கில் இரண்டு பக்கமும் சரியாகிவிடும் என்றேன்.

"எப்பவும் சரியாப் பூடுமா?"

"எப்பவும்."

"ஒரு வருசம் சரியாப் போவலைன்னா?"

புத்தகத்தில் இருந்ததை அப்படியே சொன்னேன். "பிழைகளும் விடுபட்டவையும்னு கடைசியில ஒரு வரி போட்டு, எவ்ளோ இடிக்குதோ அதை எழுதிச் சரி பண்ணிடுவாங்க."

பாஞ்சாலையின் விரல் அப்போதுதான் முதல் தடவையாக முறத்தில் நின்றது. பிறகு பன்னிரண்டு பேரும் சிரித்த சிரிப்பு தெருவரைக்கும் கேட்டிருக்கும்.

"பாய் கணக்குல அந்த மாதிரி ஒரு வரி போட்டுக் குடுத்துப் பாரேன் கணக்குப்புள்ளே. முதுகுத் தோலு இருக்குதான்னு அப்புறமா பாத்துக்கலாம்!"

கேட்டீர்களா? ஒரு நாட்டின் பேரேட்டையே கேலி பேசுகிறாள். இவளிடம் போய்ப் பாடம் நடத்தினேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

இனி சொல்லப்போவதில் என் பங்கும் இருக்கிறது. சொல்ல எரிச்சலாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மெஷினில் போடுவதற்கு முன்னால் காயின் மேல் தண்ணீர் தெளிப்பது மண்டியில் வழக்கம். உலர்ந்த காயை அப்படியே உடைத்தால் பருப்பு பாதியாகப் பிளந்துபோகும், கப்பலுக்கு ஆகாது. ஈரம் பட்டால் முழுசாக வரும். எங்கள் மண்டியிலும் பாய் தெளிக்கச் சொல்லுவார். தெளித்து உடைத்த பருப்பை மறுபடி நிழலில் இரண்டு நாள் காயவைத்த பிறகுதான் கோணியில் கட்ட வேண்டும். ஆனி மாசம் லாரி இரண்டு நாள் முன்னதாக வந்து நின்றது. டிரைவர் ஹாரன் அடிக்கிறான், சென்னையிலிருந்து ஏஜெண்ட் தந்தி அடிக்கிறான், பாய் வேலூர் போயிருக்கிறார். நான் களத்துக்கு ஓடினேன்.

"காய வெக்கறதுக்கு நேரமில்ல. பொறுக்கினதைக் கட்டுங்க."

"பருப்பு ஈரமாக் கீது. கையில ஒட்டுது பாரு," என்றாள் பாஞ்சாலை.

"ஒட்டினா ஒட்டட்டும். உன்னை யாரு கேட்டாங்க? கட்டுன்னா கட்டு."

கட்டினார்கள். நாற்பது மூட்டை லாரியில் ஏறி, சென்னை போய், கப்பலேறி ஐரோப்பாவில் ஏதோ ஒரு துறைமுகத்துக்குப் போயிற்று. நான் "ஏற்றுமதி" என்று எழுதிக் கோடு போட்டேன். நாட்டுக்கு என்னால் ஆனது என்று நெஞ்சை வேறு நிமிர்த்திக்கொண்டேன்.

ஐப்பசியில் அந்த நாற்பது மூட்டையும் திரும்பி வந்தன. கூடவே இங்கிலீஷில் ஒரு கடிதம். பாய் திண்டில் சாய்ந்துகொண்டு, "படி மூர்த்தி," என்றார். படித்துத் தமிழில் சொன்னேன். பருப்பில் பூசணம் பிடித்திருக்கிறது. அந்தப் பூசணத்தில் ஒரு நஞ்சு. கண்ணுக்குத் தெரியாது, ஈரலைக் கெடுக்கும். மனிதர் தின்னத் தகாது என்று அந்த நாட்டுக்காரர்கள் ஒதுக்கிவிட்டார்கள். போக வர கப்பல் வாடகையும் நம் தலையில்.

பாய்க்கு முகம் கறுத்துவிட்டது. நல்ல மனுஷர், ரம்ஜான் மாசத்தில் களத்துப் பெண்களின் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கஞ்சி காய்ச்சுகிறவர். ஆனால் நாற்பது மூட்டை என்பது விளையாட்டா?

"பொறுக்கினது யாரு?"

"பாஞ்சாலை செட்டு."

"சொத்தையைக் கவனிக்காம விட்டிருக்காங்க. பேசற வாய்க்குக் கண்ணு வேலை செய்யல. பன்னெண்டு பேரையும் நிறுத்திடு. புதுச் சரக்கு வர்றப்ப வேற ஆளுங்களைப் பாத்துக்கலாம்."

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன், கொட்டாவி மாதிரி மூடிக்கொண்டேன். ஊரில் கப்பல் சரக்கு பொறுக்குகிற மண்டி எங்களுடையது ஒன்றுதான். இங்கே நிறுத்தினால் அந்தப் பன்னிரண்டு வீட்டிலும் உலை வைக்க வேறு வழியில்லை. அது தெரிந்தே, "சரிங்க பாய்" என்று சொல்லிவிட்டுக் களத்துக்குப் போனேன்.

பாஞ்சாலையிடம் சொன்னபோது அவள் கத்துவாள், என் பெயரை இழுப்பாள் என்று எதிர்பார்த்தேன். இழுத்திருந்தால் நிம்மதியாகப் போயிருக்கும். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"வேணாம்னு சொன்னது யாரு?"

"வெளிநாட்டுக்காரங்க."

"வெளிநாட்டுக்காரங்க," என்று திருப்பிச் சொல்லிக்கொண்டு முறத்தைத் தட்டிவிட்டு எழுந்து போனாள்.

நாலாம் நாள் காலையில் வந்து என் மேஜை மேல் ஒரு காகிதத்தை வைத்தாள். மடிப்புக் கலையாத நல்ல காகிதம், இங்கிலீஷ் எழுத்து.

"இன்னாது இது?"

"வெளிநாட்டுக்காரங்க எழுதிக் குடுத்தது. கப்பலுக்கு அனுப்பிடு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேட்கக் கேட்கத்தான் கதை வெளியே வந்தது. வீட்டில் வைத்திருந்த மல்லாட்டையில் ஒரு படியைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, செங்கம் ரோட்டில் நடந்து, ரமணாசிரமம் பக்கம் போயிருக்கிறாள். அங்கே இருக்கிற வெள்ளைக்காரர்களை ஒருத்தர் விடாமல் நிறுத்தி, "நாங்க பொறுக்கற மல்லாட்டை வேணாம்னு சொன்னீங்களாமே, இன்னா குத்தம் கண்டீங்க, தின்னு பாத்துச் சொல்லுங்க," என்று கேட்டிருக்கிறாள். இரண்டு பேர் கும்பிட்டுவிட்டு ஓடிவிட்டார்களாம். ஒருத்தர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம், திறக்கிற வரைக்கும் இவள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள். அவர் திறக்கவே இல்லையாம். கடைசியில் வாடகை அறையில் இரண்டு மாசமாகத் தங்கியிருந்த ஒரு வயதான அம்மாள் அகப்பட்டாள். கொஞ்சம் தமிழ் தெரிந்தவள். தின்று பார்த்து, எழுதியும் கொடுத்துவிட்டாள்.

கடிதத்தைப் படித்தேன். "இந்தக் கடலை மிகச் சுவையாக இருக்கிறது. சுத்தமாக இருக்கிறது. இரண்டு நாளாகத் தின்கிறேன், என் வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்தப் பெண்மணி மிகவும் விடாமுயற்சி உடையவர்." கீழே கையெழுத்து, ஆஸ்திரேலியா என்று ஊர்.

தலையில் அடித்துக்கொண்டேன். மெய்யாகவே அடித்துக்கொண்டேன், பக்கத்துத் தராசுக்காரன் திரும்பிப் பார்த்தான்.

"யம்மா தாயே! இந்தம்மா ஆஸ்திரேலியா. சரக்கைத் திருப்பினவன் ஐரோப்பா. இவங்க ஒருத்தர், அவங்க ஒருத்தர். அவங்களுக்கும் இவங்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது!"

"ரெண்டும் வெளிநாடுதானே?"

"வெளிநாடுன்னா ஒரே நாடா? நூறு நாடு இருக்குது!"

"நீதானே சொன்னே, நாம வெளிநாட்டுக்கு விக்கறோம், வெளிநாட்டுலேந்து எண்ணெய் வருதுன்னு. மல்லாட்டை வாங்கறவன்தான் எண்ணெய் குடுக்கறானா?"

"இல்ல, அவன் வேற..."

"அப்ப நீ மட்டும் எல்லாரையும் ஒண்ணாப் போட்டுக் கூட்டலாம், நான் போடக் கூடாதா?"

கோபத்தில் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன், அவள் மூக்கை உடைக்க வேண்டும் என்று. நாட்டு வருமானக் கணக்குப் பாடத்தில், வீடுகள், நிறுவனங்கள், அரசாங்கம் என்று ஒவ்வொரு கட்டமாகப் போட்டிருந்தது. நாலாவது கட்டத்தில், "உலகின் ஏனைய பகுதி. பிற நாடுகள் அனைத்தும் இங்கு ஒன்றாகவே கொள்ளப்படும்." இரண்டு தடவை படித்தேன். நான் தோற்றுப்போன பாடத்தை, எழுதப் படிக்கத் தெரியாத இவள் செங்கம் ரோட்டில் நின்று சரியாகச் செய்திருக்கிறாள்! அந்தக் கணத்தில் எனக்கு அவள் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

"அந்தம்மா சும்மா தின்னல," என்றாள். "ரெண்டு ரூபா குடுத்தாங்க."

அதற்கும் புத்தகத்தில் வரி இருந்தது. அயல்நாட்டிலிருந்து வந்து சில நாள் தங்குகிறவர் இங்கே வாங்கித் தின்பதும் நாட்டின் ஏற்றுமதியே. புலனாகா இனம் என்று பெயர். சொல்லாமல் மறைத்திருக்கலாம். நான்தான் ஓட்டை வாயன் ஆயிற்றே, சொல்லிவிட்டேன்.

"இரு, இரு. அப்ப நானும் ஏத்துமதி பண்ணிருக்கேன்?"

"ஒரு படி."

"நான் பண்ணது திரும்பி வரல கணக்குப்புள்ளே. நீ லாரியில ஏத்தினதுதான் திரும்பி வந்துது."

அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. நானும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டேன். "ஈரத்தோட கட்டச் சொன்னது நான்னு பாய்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா? உன்னையும் நிறுத்துவாரு. எங்களைத் திரும்பக் கூப்புடுவாரா? உனக்குப் பரிச்சை வேற கீது." முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். "நீயா சொல்லுவேன்னு பாத்தேன். நீ இன்னாடான்னா புக்கைப் படிச்சினு கீறே."

அந்தக் கடிதத்தைப் பாயிடம் காட்டினேன். படித்துச் சொன்னதும் முதலில் முறைத்தார், பிறகு தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். "அரே, என்ன பொம்பளை இவ!" என்றார். சிரித்து முடித்ததும் கிடங்கில் கிடந்த நாற்பது மூட்டையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பாஞ்சாலையைக் கூப்பிட்டனுப்பினார்.

"பாரும்மா. கார்த்திகை தீபம் வருது. ஊருக்கு லட்சம் ஜனம் வரும். உருண்டை புடிக்கறவங்க மல்லாட்டை கேட்டுட்டு நிக்கறாங்க. இந்த நாப்பது மூட்டையை அவுத்துப் பொறுக்குங்க. பூசணம் தெரியறதைக் கழிச்சுடுங்க, மிச்சம் நல்லதை உருண்டைக்குக் குடுத்துடலாம். கொஞ்சமாவது கைக்கு வரட்டும். செய்ங்க, உங்க செட்டு பழையபடி இங்கியே இருக்கட்டும். நான் மறந்துடறேன்."

"அது வெசம்னு எழுதியிருந்தாங்களாமே பாய்?"

"அவங்க ஒடம்பு வேற, நம்ம ஒடம்பு வேறம்மா. காலங்காலமா இதைத்தானே திங்கறோம், யாரு செத்தா?"

கூலி வழக்கம்போல என்றார். நல்லதை எடை போட்டுத்தான் கூலி, கழிவுக்குக் கிடையாது. கழிவுக்கும் கொடுத்தால் நல்லதையும் கழித்துப் போட்டுவிடுவார்கள் என்று எல்லா மண்டிக்காரர்களுக்கும் பயம்.

வெளியே வந்ததும் பாஞ்சாலை என்னைப் பிடித்துக்கொண்டாள். "உன் புக்குல இதுக்கு இன்னா போட்டுக்கீது?"

எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது, ஏனென்றால் இதற்கு விடை எனக்குத் தெரியும். விளைந்தது ஒன்று. அது வெளிநாட்டுக்குப் போக வேண்டும், அல்லது உள்நாட்டில் நுகரப்பட வேண்டும், அல்லது கிடங்கில் இருக்க வேண்டும். ஏற்றுமதியில் நாற்பது மூட்டை குறைந்தால் உள்நாட்டு நுகர்வில் நாற்பது மூட்டை ஏறிவிடும். மொத்தம் மாறாது. கணக்குக்கு ஒரு சேதமும் இல்லை.

"நுகர்வுன்னா?"

"வாங்கித் திங்கறது."

"யாரு திங்கறது?"

"ஜனங்க."

"எந்த ஜனங்க?"

"நாமதான்!" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் என் காதில் விழுந்தது.

அவள் செட்டைத் தேடிப் போய்விட்டாள். மறுநாள் பன்னிரண்டு பேரும் வேலைக்கு வந்தார்கள். எனக்குச் சப்பென்று போயிற்று. வயிறு என்று ஒன்று இருக்கிறதே, பாஞ்சாலைக்கு மட்டும் இல்லையா என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஏழு மூட்டை அவிழ்த்துக் கொட்டினார்கள். அன்றைக்குக் களத்தில் வம்பு இல்லை, சிரிப்பு இல்லை. பாஞ்சாலை முதல் தடவையாக முறத்தைப் பார்த்துப் பொறுக்கினாள்.

மத்தியானம் கூடை எடை போடப் போனேன். நல்லதுக்கு வைத்த கூடை காலியாக இருந்தது. கழிவுக் கூடைகள் நிரம்பி, கோணியில் கொட்டி, மறுபடி நிரம்பியிருந்தன.

"இன்னும் நல்லது ஒண்ணும் அகப்படல," என்றாள் பாஞ்சாலை.

"விளையாடறியா? பூசணம் தெரியறதை மட்டும்தானே கழிக்கச் சொன்னாரு?"

"பாத்துப் பொறுக்கலைன்னுதானே எங்களை நிறுத்தினாரு. இப்பப் பாத்துப் பொறுக்கறோம்."

கெஞ்சினேன். வேலை போய்விடும், இந்தத் தடவை நிரந்தரமாகப் போய்விடும் என்றேன். கருப்பனை நினை, பிள்ளைகளை நினை என்றேன். மற்றப் பெண்களைத் தனித்தனியாகப் பார்த்தேன். ஒருத்திகூடக் குனிந்த தலை நிமிரவில்லை. சாயங்காலம் ஆயிற்று. ஏழு மூட்டைப் பருப்பில் ஒன்றுகூட நல்லதுக் கூடையில் விழவில்லை.

பாய் மஃரிப் தொழுகைக்குக் கிளம்பியவர், எடைச் சீட்டு வரவில்லை என்று களத்துக்கே வந்துவிட்டார். காலிக் கூடையைப் பார்த்தார். நிரம்பிய கோணிகளைப் பார்த்தார். கழிவுக்குள் கைவிட்டு ஒரு பருப்பை எடுத்தார். முழுசாக, சிவப்பாக, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது.

"இது இன்னாம்மா குத்தம் பண்ணுச்சு?"

"தெரியலீங்க பாய்." பாஞ்சாலை எழுந்து நின்றாள். "கண்ணுக்குத் தெரியறதுதான் எனக்குத் தெரியும். இது கண்ணுக்குத் தெரியாதுன்னு அந்தக் காயிதத்துல இருக்குதாம், இவருதான் படிச்சாரு. நல்லதுன்னு நீங்க சொன்னா, வாயில போடுங்க. நீங்க போட்டா நாங்க பன்னெண்டு பேரும் போடறோம். அப்புறம் எல்லாத்தையும் அந்தக் கூடைக்கு மாத்திடறேன்."

பாய் அந்தப் பருப்பை விரலில் உருட்டிக்கொண்டே நின்றார். வாயருகே கொண்டுபோகவில்லை. பள்ளிவாசலில் பாங்கு சொல்ல ஆரம்பித்தது. பருப்பைக் கழிவிலேயே போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "பாய், ஆனி மாசம் காயவெக்காம கட்டச் சொன்னது நான்தான். இவ அன்னிக்கே ஈரமா இருக்குன்னு சொன்னா. நான்தான் வாயை மூடுன்னேன்."

திட்டுவார் என்று நின்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தண்ணி தெளிக்கச் சொன்னது நான். காயவெக்காதது நீ. இதுல பழி இவங்க மேல." பாஞ்சாலை பக்கம் திரும்பினார். "நாப்பது மூட்டையும் சோப்பு மில்லுக்குப் போவட்டும். திங்கறதுக்கு ஒரு பருப்பு போவக் கூடாது. மூர்த்தி, நாளைக்கே அனுப்பிச்சுடு. நீங்க எல்லாம் தீபம் முடிஞ்சதும் வந்துடுங்கம்மா, புதுச் சரக்கு வருது."

நான் நோட்டைத் திறந்தேன். அவிழ்த்தது ஏழு மூட்டை. நல்லது, இல்லை. அடுத்த பத்தி கூலிக்கு. அங்கே பேனா நின்றுவிட்டது. பாயும் அதைப் பார்த்தார். சட்டைப் பையில் கைவிட்டு நோட்டுகளை எடுத்து எண்ணாமலே பாஞ்சாலையிடம் நீட்டினார்.

"இன்னிக்குப் பூரா உக்காந்திருக்கீங்க. வச்சுக்கம்மா."

செட்டில் இளையவள் ஒருத்தி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பாஞ்சாலையைப் பார்த்தாள். பாஞ்சாலை வாங்கவில்லை.

"வேணாம் பாய். நல்லதுக்குத்தான் கூலி. இதை வாங்கினா, இதுல நல்லது இருந்துச்சுன்னு ஆயிடும்."

பன்னிரண்டு பெயருக்கு நேரேயும் ஒவ்வொன்றாக, இல்லை, இல்லை என்று எழுதினேன். அடுத்த கூலிக்குத் தீபம் முடிய வேண்டும், தீபத்துக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.